எட்டாம் எண் என்ன சொன்னாள்?

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! அறவியல் கற்பிக்கும் அன்புப் பேராசிரியையே! என்னைவிட மூத்தவர் எவரேனும் இருந்தால், பெரியோர்களே! தாய்மார்களே! கோடை விடுமுறையைத் தூங்கித் தொலைக்காமல் ஆராய்ச்சி செய்த மாணவச் செல்வங்களே! மூன்றாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, மஞ்சள் சேலையில் அமர்ந்திருக்கும் என் நாத்தனாரே! போனால் போகிறது, உனக்கும் வணக்கம்.

பேட்டி கொடுத்த பெண்கள் சார்பில் பேசச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் மறதி என்பது என் மண்டைக்குள் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை!

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, என் மாமியாரின் சுவர்க்கடிகாரம் விழுந்து உடைந்தது. வீட்டில் இருந்தவர்கள் யார்? மாமியார், நாத்தனார், நான், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். பழி யார்மேல் விழுந்தது? மீட்டர்காரர் மேலா? மகள் மேலா? மருமகள் மேல்! அன்று மூடிய வாயை நாத்தனாரிடம் நான் இன்றுவரை திறக்கவில்லை.

இந்தக் கோடையில் என் பேத்தி ஆராய்ச்சிக்குக் கிளம்பினாள். குடும்பத்தில் மன்னிப்புக் கேட்க ஏன் கசக்கிறது என்று எட்டுப் பெண்களைக் கேட்டாள். பெயர் கிடையாது, எண்தான். நான் ஏழு. எனக்கடுத்து அறைக்குள் போன நாத்தனார் எட்டு. அங்கேயும் என்னை ஒட்டிக்கொண்டே வருகிறாள், பாருங்கள்!

"எட்டு என்னடி சொன்னா?" என்றேன்.

"சொல்ல மாட்டேன் பாட்டி. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நான் யாருடி உனக்கு?"

"நீ ஏழு."

கேட்டீர்களா கொடுமையை? கெஞ்சினேன், கொஞ்சினேன், மூன்று நாள் சாப்பிடாமல் மிரட்டினேன். யாரம்மா அங்கே சிரிப்பது? நாலாம் நாள் சாப்பிட்டேன், போதுமா? அவள் அசைந்தாளா? பேட்டிக் குறிப்பேடு இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்! அன்றுதான் அறிந்தேன், அவையோரே: ஆசைப்பட்டவள் அழுதாலும், அணைத்து வளர்த்தவள் அதட்டினாலும், அடுத்தவர் நம்பிச் சொன்னதை அவிழ்க்காத அடக்கமே அறம்!

கைதட்டல் போதும். அங்கே என்ன சலசலப்பு? எட்டாம் எண் எழுந்து நிற்கிறதே! மைக்கைக் கொடுங்கள் அவளிடம்.

"அண்ணி! கடிகாரத்த உடைச்சது நான்தான். அதத்தான் உங்க பேத்திகிட்ட சொன்னேன். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல இத்தன வருஷமா பயம். மன்னிச்சிருங்க அண்ணி."

"உக்காருடி. மஞ்சள் உனக்கு எடுப்பாத்தான் இருக்கு."

தொடக்கத்தில் சொன்ன மேடை வணக்கத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; முப்பத்தொரு ஆண்டுகளில் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். மாணவர்களே, எழுதிக்கொள்ளுங்கள்!

நாத்தனாரை மன்னித்தேன். மாமியாரை மன்னித்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மீட்டரை மட்டும் குறித்துக்கொண்டு போனாரே, அவரையும் மன்னித்தேன். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

ஆனால் இந்த உண்மையை மூன்று மாதம் வாய்க்குள் வைத்துக்கொண்டு, தினமும் என் எதிரில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளே, அதோ பரிசுக் கோப்பைக்குக் காத்திருக்கும் என் பேத்தி, அவளை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்!