மூன்றாம் சிலிண்டர்

தேநீர் நன்றாக இருக்கிறது. உங்கள் சட்டைக் காலர்தான் சரியில்லை, ஐயா. வெளிப்பக்கம் மட்டும் தேய்த்துவிட்டு உள்பக்கத்தை விட்டிருக்கிறார்கள்; அதனால்தான் நுனி சுருண்டு நிற்கிறது. காலரை முதலில் உள்பக்கம்தான் தேய்க்க வேண்டும். வருஷக்கணக்கில் லாட்ஜுகளுக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிறவள் சொல்கிறேன், வீட்டில் சொல்லிவையுங்கள்.

என் கணவர் எப்படிச் செத்தார் என்றுதானே கேட்டீர்கள். வண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்களுடையது வயசான பிக்கப் வண்டி. வீட்டிலேயே தொழில். பின்கட்டில் கொழுந்தன் துவைப்பான், முன்னறையில் நான் தேய்ப்பேன், நடுவில் ஒரு பலகை போட்டு அத்தை மடித்து மூட்டை கட்டுவார். என் கணவர் மூட்டைகளை லாட்ஜுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஏற்றுவது, ஓட்டுவது, இறக்குவது, நடுநடுவே பேசுவது. பேச்சுதான் அதிகம். "உங்க வீட்டுக்காரர் வந்தாலே சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதும்மா" என்பார் ஒரு லாட்ஜ் மேனேஜர். எனக்கு வயிறு வலித்ததில்லை. தோள்தான் வலிக்கும்.

அந்த வண்டி ஒரு மழைக்காலத்தில் உதற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்னால் போவதற்குப் பதில் யோசித்தது. மேட்டில் ஒரு தள்ளுவண்டிக்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார், போகிற போக்கில் "தள்ளணுமா?" என்று வேறு கேட்டார்.

என் கணவர் ஊரில் உள்ளவர்களிடம் எல்லாம் வைத்தியம் கேட்டார்.

"பிளக் போயிருக்கும்னு முடி வெட்டுறவர் சொல்றார்."

"அவர் தலையைப் பார்க்கிறவர். வண்டியையா பார்க்கிறார்?"

"இதுவும் தலை மாதிரிதான்டி. உள்ள என்ன இருக்குன்னு வெளியே தெரியாது."

பிளக்குகளை மாற்றினார். அப்புறம் மருந்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பெட்ரோல் வடிகட்டி. யாரோ முன்பின் தெரியாதவர் சொன்னார் என்று காற்று வடிகட்டி. பாதி வண்டி புதிதாகிவிட்டது. உதறல் மட்டும் பழையதாகவே இருந்தது.

கடைசியில்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். 'சுருதி' என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்பான், அதனால் அந்தப் பெயர். வந்ததும் மாற்றிய சாமான்களை எல்லாம் பார்த்தான்.

"எல்லாத்தையும் மாத்திட்டீங்க. கண்ணாடி மட்டும்தான் பாக்கி. அதையும் மாத்திப் பார்த்திருக்கலாமேண்ணே."

"நக்கலா?"

"எப்பல்லாம் உதறுது?"

"சும்மா நிக்கும்போது ஒண்ணும் தெரியாது. ஈரம் பட்டா, பாரம் ஏத்தினா, மேடு ஏறினா உதறும். என் வீட்டுக்காரி மாதிரிதான். பாரம் ஏத்தினா முணுமுணுக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டி என் கையில் இருந்தது. "அதைக் கொஞ்சம் குடுங்கக்கா" என்று வாங்கி, ஓடுகிற எஞ்சினின் பிளக் ஒயர்கள் மேல் பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்தான். வண்டி குளிர்காய்ச்சல்காரன்போல உதற ஆரம்பித்தது.

"இப்ப காதைக் குடுத்துக் கேளுங்க" என்றான். ரப்பர் சுற்றிய குறடால் முதல் ஒயரைக் கழற்றினான். எஞ்சின் தடுமாறியது. உடனே மாட்டினான். இரண்டாவதைக் கழற்றினான். மறுபடி தடுமாற்றம். மூன்றாவதைக் கழற்றினான். ஓசை மாறவே இல்லை. நான்காவதற்குத் தடுமாறியது.

"பார்த்தீங்களா? மூணாவது சிலிண்டர் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். மத்த மூணும் சேர்ந்து இதைச் சுமக்குது."

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அவன் மேலும் சொன்னான். "சிலிண்டர் மேல தப்பு இல்லண்ணே, நல்ல சிலிண்டர். அதுக்குத் தீப்பொறி போய்ச் சேரல. நடுவுல ஒயர் வெடிச்சுக் கிடக்கு." அதெல்லாம் தொழில் நுணுக்கம். எனக்கு அது தேவைப்படவில்லை.

புது ஒயர் போட்டான். பழையதில் வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் அடையாளமாகச் சிவப்பு டேப்பைச் சுற்றி, "அடுத்த தடவை முடி வெட்டுறவர்கிட்ட காட்டுங்க" என்று கொடுத்தான். நான் அதை மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். எதையும் வீசுகிற பழக்கம் எனக்கில்லை.

பிறகு வீட்டைச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் அத்தையை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு லாட்ஜுக்குத் தலையணை உறைகள் மட்டும் போய்ச் சேர்ந்தன, இன்னொன்றுக்கு விரிப்புகள் மட்டும். உடனே திரும்ப அழைத்துக்கொண்டேன். கழற்றியதை உடனே மாட்ட வேண்டும், சுருதி அப்படித்தான் செய்தான். அடுத்து கொழுந்தன், ஒரு சிநேகிதன் ஊருக்கு. அழுக்கு மூட்டை உத்தரத்தைத் தொட்டது. அவனையும் மாட்டினேன். என்னை நான் கழற்றிப் பார்க்கவில்லை. ஓசையைக் கேட்க ஒருவர் வேண்டுமல்லவா.

அப்புறம் அவர். நாத்தனாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது, துணைக்கு அனுப்பினேன். கொழுந்தன் காலையில் துவைத்தான், மத்தியானம் வண்டி எடுத்தான். எல்லா மூட்டையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாப்பிடும்போது அத்தை மட்டும், "அவன் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கும்மா" என்றார். கொழுந்தன் ரேடியோவைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தான். நான் வேலையின் ஓசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

திரும்பி வந்தவர், "நான் இல்லாம தவிச்சுப் போயிருப்பீங்களே" என்றார்.

"ஆமாம்" என்றேன். மனசு நோகும்படி பேசுவது எனக்கு வராது.

பிரிந்து போயிருக்கலாமே என்று உங்கள் பெண் காவலர் கேட்டது. நல்ல பிள்ளை. ஆனால் வீடு அத்தை பெயரில், வண்டி அவர் பெயரில். பிரிந்தால் கழன்று போவது நான்தான். வேலை செய்கிற சிலிண்டரைக் கழற்றிவிட்டுச் சும்மா இருப்பதை வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

வண்டி சரியானதிலிருந்து அவர் யாரையும் முன்னால் போகவிடவில்லை. "அந்த லாரியை எப்படி முந்தினேன் தெரியுமா?" என்பதுதான் தினமும் சாயங்காலக் கச்சேரி. மலை லாட்ஜுக்குப் போகிற பாதை வளைவும் மேடுமாகவே இருக்கும். ஆகவே நான் புதிதாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தூறல் விழுந்த ஒரு காலையில், மலை லாட்ஜுக்கு முழுப் பாரம் ஏற்றியிருந்தது. அவர் உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் பானெட்டைத் திறந்து மூன்றாவது ஒயரைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். எஞ்சின் ஓடாதபோது அது வெறும் ஒயர்தான், ஐயா. பொத்தான் போடுவதுபோலத்தான்.

இறக்கிக் கொடுக்கக் கொழுந்தனும் கூடப் போவதாக இருந்தது. "உனக்குக் கண்ணெல்லாம் சிவந்திருக்கு, காய்ச்சல் வரும்போல. நீ படு" என்று நிறுத்திவிட்டேன். நான் ஒன்றும் ஈரமில்லாதவள் இல்லை. அதோடு, அவன் போய்விட்டால் யார் துவைப்பது?

வண்டியைக் கிளப்பினார். நின்ற இடத்தில் ஒழுங்காகத்தான் ஓடியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தோள் வலிக்குதுன்னியே, போற வழியில தைலம் வாங்கி வெச்சுக்கறேன்" என்றார்.

"மெதுவாப் போங்க" என்றேன். அதையும் நான் சொன்னேன் என்று இருக்கட்டும்.

வளைவில் லாரியை முந்தப் போயிருக்கிறார். பாதி முந்தும்போது வண்டி இழுக்கவில்லை. எதிரில் பஸ். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு வெறும் சிராய்ப்பு. அதில் எனக்கு நிம்மதி. விரிப்புகளைத்தான் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. ரத்தக்கறையை வெந்நீரில் போட்டால் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தேன். ஒரு புள்ளி மிஞ்சவில்லை. அந்த வாரமே லாட்ஜுக்கு அனுப்பிவிட்டோம். வாங்கிக்கொண்ட மேனேஜர் அழுதாராம்.

நீங்கள் திருப்பிக் கொடுத்த பொருள்களில் தைலப் புட்டி இருந்தது. உடையவே இல்லை. நல்ல தைலம். பூசிக்கொள்கிறேன்.

சுருதி துக்கம் கேட்க வந்தவன், நொறுங்கின வண்டியையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். சிவப்பு டேப் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. உங்கள் ஆட்கள் என் இழுப்பறையில் புது ஒயரை எடுத்தார்கள். அதை வீசியிருந்தால் தப்பித்திருப்பேன் என்கிறீர்கள். புது ஒயர், ஐயா. எப்படி மனசு வரும்?

ஆம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. நேற்றுக் கொழுந்தன் என்னைப் பார்க்க இங்கே வந்திருந்தான்.

"வீடு எப்படிப்பா இருக்கு?"

"ஓடுது அண்ணி. வாடகை வண்டி வெச்சிருக்கோம்."

"தேய்க்கிறது?"

"பக்கத்துத் தெருப் பொண்ணு ஒண்ணு வருது. காலரெல்லாம் நல்லாவே தேய்க்குது."

"லாட்ஜுல ஒண்ணும் சொல்லலையா?"

"யாருக்கும் வித்தியாசமே தெரியல அண்ணி." எழுந்து செருப்பை மாட்டினான். "அம்மாதான், சாப்பிட உட்கார்ந்தா அண்ணன் தட்டையும் சேர்த்து எடுத்து வைக்கிறாங்க."

அவனுக்குக் காது போதாது, ஐயா. சின்னதிலிருந்தே அப்படித்தான். நீங்களே ஒரு நடை போய் எங்கள் வாசலில் நின்று, நிதானமாகக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். எங்கேயாவது உதறும். நான் இல்லாமல் அது உதறாமல் எப்படி ஓடும்?