ஆறாவது வட்டத்தில் நின்றவர்

பகல் பதினொன்றரை மணி. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஊரடங்கு நேரம்... ரோட்டில் ஈ காக்கா இல்லை. சிக்னல் மட்டும் யாருக்காகவோ சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தது.

நெருங்கி உட்காருங்கள், சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது. நடந்தது இதோ, நம்மோடு உட்கார்ந்திருக்கிற சோடாபுட்டியின் அக்காவுக்கு. அந்த அக்கா வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன் பாருங்கள், என் வாய்க்கொழுப்பு.

அக்காவுக்கு அப்போது மளிகைக் கடை வாசலில் வேலை. தரையில் வெள்ளைப் பெயின்டில் ஆறு வட்டங்கள், ஆறடிக்கு ஒன்று. ஆட்கள் வட்டத்துக்குள் நின்று ஒவ்வொருவராக வரவேண்டும். அக்கா நெற்றிக்கு நேராக அந்தக் காய்ச்சல் துப்பாக்கியைப் பிடிப்பாள். காய்ச்சல் இல்லையென்றால், "உள்ள போங்க." அவள் வாயால் சொல்லாமல் யாரும் வாசல் தாண்டக்கூடாது, அது முதலாளி உத்தரவு.

அக்கா புருஷன், அதுதான் நம்ம மச்சான், லாரி டிரைவர். அதே கடைக்கு வெங்காயம் ஏற்றிவரப் போனவர். எல்லையை மூடிவிட்டார்கள். ஐந்து நாளாகப் போன் இல்லை. "வெங்காயம் எப்பம்மா வரும்?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். "வந்துரும்," என்பாள். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஊரடங்கில் பன்னிரண்டு மணிக்கே கடை அடைப்பு. அன்றைக்கு அடைக்கும் நேரம். வட்டங்கள் ஆறும் காலி. குனிந்து சானிடைசர் பாட்டிலை மூடிவிட்டு நிமிர்ந்தாள்...

கடைசி வட்டத்தில் ஒரு ஆள்.

முகக்கவசம். புருவம்வரை இழுத்துவிட்ட தொப்பி. "முன்னாடி வாங்க," என்றாள். வந்தார். செருப்புச் சத்தமே இல்லை. துப்பாக்கியைப் பிடித்தாள். பீப்... ‘லோ’ என்று காட்டியது. ஒருநாள் விளையாட்டாக ஃப்ரிட்ஜில் இருந்த பால் பாக்கெட்டுக்கு நேரே பிடித்தபோது இப்படித்தான் காட்டியது. தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி நாலு. மறுபடி அவர் நெற்றியில். ‘லோ’.

அப்போதுதான் அந்த நாற்றம்... அழுகிய வெங்காயம்.

காய்ச்சல் இருந்தால் விடாதே என்றுதான் உத்தரவு. சில்லென்று இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பழக்கதோஷத்தில் அவள் வாய், "உள்ள போங்க," என்றது.

போனவர் வெளியே வரவில்லை. கல்லாவில் இருந்த முதலாளியிடம் கேட்டாள்.

"யாரும் வரலையேம்மா. வெயில்ல நின்னு உனக்குத் தலை சுத்துது. வீட்டுக்குப் போ."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் காலிங் பெல். திறந்தால், மச்சான். படியில் இல்லை. ஆறடி தள்ளி, முற்றத்தில் நின்றார். ஐந்து நாள் தாடி. போகும்போது போட்டிருந்த அதே சட்டை.

"போன் என்னங்க ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? செத்துப் பொழச்சேன்."

"லோடு முழுக்க அழுகிருச்சு," என்றார். அவ்வளவுதான். அதே நாற்றம். கதவு விரியத் திறந்திருந்தது, ஆனால் அவர் அசையவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசல் பக்கம் வைத்திருந்த துப்பாக்கியை அக்காவின் கை தானாகத் தூக்கியது. பீப்...

‘லோ’.

தன் மணிக்கட்டில். முப்பத்தாறு புள்ளி நாலு.

நாமாக இருந்தால் கதவை அறைந்து சாத்தியிருப்போம். அக்கா ஐந்து நாள் தூங்கவில்லை, வேண்டாத தெய்வம் பாக்கியில்லை. அவளுக்குப் பயத்தில் பல் கிட்டித்தது. ஆனால் அவர் திரும்பிப் போய்விடுவாரோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"உள்ள வாங்க," என்றாள்.

அது நடந்து மூணு வருஷம். மச்சான் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், லாரி ஓட்டுகிறார். தங்கமான மனுஷன். ஒன்றே ஒன்றுதான். எந்த அறைக்குள்ளும் யாராவது கூப்பிடாமல் வரமாட்டார். கூப்பிடும்வரை வெளியிலேயே நிற்பார்.

சோடாபுட்டி... ஏன் என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்க்கிறாய்?

டீ கொண்டுவருகிறேன் என்று மச்சான் போய் எவ்வளவு நேரமாகிறது? தட்டில் கோப்பைகள் உரசுகிற சத்தம் எனக்கும் கேட்கிறது... இந்த நாற்றம் எப்போதிலிருந்து அடிக்கிறது?

யாரும் திரும்பாதீர்கள். முக்கியமாக, யாரும் வாயைத் திறக்காதீர்கள்.