மணிக்குப் பக்கத்துல ஒரு காலிக் கட்டம்

— ...அதுக்கு அந்தப் பெரியவர் என்ன சொன்னாராம்?

— ‘வரேன், எந்தக் கடைக்கு வரணும்?’னு கேட்டாராம்.

— ஐயய்யோ!

— சிரிக்காதீங்க மேடம்.

— சிரிக்காம என்ன சார் செய்ய? பஸ் எப்ப வரும்னு பாக்கற ஆப். அது போய் ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கு! கம்ப்ளெயின்ட்ல என்ன எழுதியிருக்கு? முழுசாப் படிங்க.

— விடுங்களேன்...

— படிங்கன்னா!

— ‘எனக்குக் கண்ணு தெரியாது. போன்ல இருக்கற குரல்தான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்லும். நேத்து புது ஆப் வந்ததுலேர்ந்து, மேல இருக்கற பார்ல விரலைத் தள்ளிட்டே போனா, அறிவிப்புன்னு படிச்சதுக்கு அடுத்தாப்புல ஒரு கேள்வி வருது. இன்னைக்கு மத்தியானம் என்கூடச் சாப்பிட வர்றீங்களான்னு. ரெண்டு தடவை வரேன்னு சொல்லிட்டேன். பதிலே இல்ல.’

— பாவம் மனுஷன்...

— அவரு பாவம், சரி. நாம? மூணு மணிக்கு மேனேஜர் ரெண்டு பேரையும் உள்ள வரச் சொல்லியிருக்காரு.

— என்னை எதுக்கு? எழுதினது நீங்க.

— டெஸ்ட் பண்ணி ஓகே போட்டது நீங்க.

— ஆமால்ல... சரி, எனக்கு ஒண்ணு புரியல. டாப் பார் தயாரா வர்றதுதானே? அதுக்குள்ள சாப்பாடு எப்படி வந்துச்சு?

— தயாரா வந்ததைத் தூக்கிட்டேன். நானே கையால ஒண்ணு செஞ்சேன். இடது பக்கம் அம்புக்குறி, அப்புறம் தேடறதுக்கு ஒரு ஐகான். நடுவுல பஸ் நம்பர். வலது பக்கம் அறிவிப்புக்கு மணி ஐகான்.

— நல்லா இருந்ததை ஏன் தூக்கினீங்க?

— நம்பர் பெருசா, நட்டநடுவுல வேணும்னாங்க. தயாரா வர்றதுல அது ஓரமாப் போய் ஒட்டிக்குது.

— நீங்க செஞ்சதுல நடுவுல வந்துச்சா?

— எங்க வந்துச்சு? இந்தப் பக்கம் ரெண்டு ஐகான், அந்தப் பக்கம் ஒண்ணு. நம்பர் தள்ளிப் போய் நின்னுச்சு. அதான் மணிக்குப் பக்கத்துல ஒரு காலிக் கட்டம் வெச்சேன். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இடம் அடைக்க.

— சும்மா இடம் அடைக்க வெச்சது எப்படி சார் பேசும்?

— கையால செஞ்சா, குரல் என்ன படிக்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் நாமதான் எழுதணும். ‘திரும்பிப் போக’, ‘தேட’, ‘அறிவிப்பு’...

— காலிக் கட்டத்துக்கு?

— ஒண்ணும் எழுதாம விட்டா குரல் அதைத் தாண்டிப் போயிடும்.

— நீங்க விடல.

— விடல.

— ஏன்?

— சும்மா... சரியாப் படிக்குதான்னு பாக்க, வாய்க்கு வந்ததை எழுதினேன். ரிலீஸுக்கு முன்னாடி எடுத்துடலாம்னு இருந்தேன். சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே வெளிய விட்டுட்டாங்க.

— சரியாப் படிக்குதான்னு பாக்க, மத்தவங்க ‘அ ஆ இ ஈ’ன்னு எழுதுவாங்க. உங்களுக்கு விருந்துதான் வாயில வருமோ?

— பசியில எழுதியிருப்பேன்.

— அடேங்கப்பா! பசி ‘வர்றீங்களா’ன்னு மரியாதை எல்லாம் குடுத்துக் கேக்குதே!

— கிண்டல் பண்ற நேரமா மேடம் இது? இப்ப நான் கேக்கறேன். ஊசி விழுந்தா உங்க காதுக்குக் கேக்கும். போன மாசம் ஒரே ஒரு புள்ளி கூடுதலாப் போட்டதுக்கு—

— ‘நிறுத்தம் புள்ளி புள்ளி’ன்னு படிச்சுச்சு. எழுதிக் குடுத்தேன்.

— இந்தத் தடவை நாப்பத்தோரு தப்பு பிடிச்சிருக்கீங்க. இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?

— நான் குரலை எவ்ளோ வேகத்துல ஓட விடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்கும்.

— உங்களுக்கா? விட்டுப் போகுமா?

— ஏன், நான் மனுஷி இல்லையா?

— அதுக்குச் சொல்லல... கண்ணு தெரியாதவங்களை டெஸ்டரா எடுக்கலாம்னு சொன்னப்பவே இங்க ரெண்டு பேரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. இப்ப, ‘பாத்தியா, அன்னைக்கே சொன்னேன்’பாங்க. உங்களை நிரந்தரம் ஆக்க இன்னும் எத்தனை நாள் இருக்கு?

— பதினெட்டு.

— அதான் எனக்குப் பயம். நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க டெஸ்ட் பண்ணி முடிச்சப்புறம்தான் அதைச் சேர்த்தேன்னு சொல்லிடறேன். பழி என்னோட போகட்டும்.

— அது பொய்யில்லையா?

— பொய்தான். சொல்லிட்டுப் போறேன்.

— எந்த வரியை என்னைக்கு எழுதினீங்கன்னு கம்ப்யூட்டர்ல இருக்குமே சார்.

— அதை யாரு தோண்டப் போறா?

— மேனேஜர் தோண்டுவாரு. தோண்டினா, மூணு வாரத்துக்கு முன்னாடி, திங்கக்கிழமைன்னு நிக்கும்.

— ...திங்கக்கிழமைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அன்னைக்குத்தானே அது என் போனுக்கு வந்துச்சு.

— அப்ப கேட்டிருக்கீங்க!

— முதல்ல நீங்க சொல்லுங்க. யாருக்கு எழுதினீங்க?

— இந்த ஆபீஸ்ல குரலை வெச்சு ஆப் பாக்கறவங்க எத்தனை பேரு?

— ஒருத்தி.

— அப்புறம் என்ன கேள்வி? நேர்ல வந்து கேக்கத் தைரியம் வரல. உங்க காதுக்கு மட்டும்தான் போகும். பிடிக்கலைன்னா தப்புன்னு எழுதித் தருவீங்க, நானும் சத்தம் காட்டாம எடுத்துடலாம்னு நெனச்சேன். நாப்பத்தோரு தப்பு வந்துச்சு... அது வரல. நீங்க கேக்கவே இல்ல போலன்னு விட்டுட்டேன். எடுக்கவும் கை வரல. என்னால உங்க வேலைக்கே... மன்னிச்சிடுங்க மேடம்.

— மன்னிக்கறதெல்லாம் அப்புறம். நான் உள்ள போய் உண்மையைத்தான் சொல்லப் போறேன். கேட்டேன், தெரிஞ்சேதான் விட்டேன். காது கேக்காத டெஸ்டர்னு பேரு வாங்கறதுக்குப் பதிலா கொழுப்பெடுத்தவள்னு பேரு வாங்கிக்கறேன்.

— ஏன் எழுதித் தரலன்னு கேப்பாரே! என்ன சொல்வீங்க?

— எழுதிக் குடுத்தா நீங்க எடுத்துடுவீங்கன்னு சொல்வேன். மூணு வாரமா டப்பாவுல ரெண்டு பேருக்குக் கட்டிட்டு வந்து, தினமும் ஒரு மணிக்கு அந்தக் கட்டத்துல விரலை வெச்சுக் கேட்டுட்டு, நீங்க எழுந்து வர்ற செருப்புச் சத்தத்துக்குக் காத்துட்டு இருந்தேன்னு சொல்வேன், போதுமா?