குதிக்காத எலி

சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். உத்தமபாளையத்துக்கு வெளிய, திராட்சத் தோட்டத்துக்கு நடுவுல போற ரோடு... ஒரு ஈ காக்கா இல்ல. நம்ம சேக்காளி முத்துலட்சுமியோட பெரியம்மா மக நாகஜோதி தனியா நடந்து வாரா. பின்னால ஒரு சத்தம். டக்... டக்... கண்ணாடியில நகம் படுற சத்தம். திரும்பிப் பாத்தா யாருமில்ல. தோட்டத்துல அடிச்ச மருந்து வாடை மட்டும் மூக்குல ஏறுது.

சிரிக்காதீகடி. அவளுக்கு அந்தச் சத்தம் நல்லாப் பழக்கம். மருந்துக் காலேஜ் லேப்ல அவ வேலையே அதான். வலி மருந்துக்கு அடிமையாக்கின சுண்டெலிகளுக்கு மருந்த நிறுத்தி, கண்ணாடி ஜாடிக்குள்ள விடுவாக. தாங்க மாட்டாம குதிக்கும்... பல்லு கடகடன்னு அடிக்கும். ஒரு குதிக்கு ஒரு தடவைன்னு இவ மிஷின அமுக்கி எண்ணணும். தூக்க மருந்து போட்ட எலி மட்டும் குதிக்காது. அங்கன பூஜ்யம்.

"கஷ்டம் தீந்துருச்சுன்னு நெனச்சுராத ஜோதி, ஒடம்ப அமுக்கி வச்சிருக்கு, அம்புட்டுத்தான்"னு லேப் சார் சொல்லத்தான் சொன்னாக. அன்னைக்கு அந்த அசையாத எலிகளக் கூண்டுக்கு மாத்துறா... உள்ளங்காலெல்லாம் கன்னிப்போயி நீலம். ஒரு குதிகூடக் குதிக்கலையே! ஆனா ரோட்டுல வாரப்ப அவ பையில அதே தூக்க மருந்து... தம்பிக்காக எடுத்தது.

தம்பி மதன்குமாரு ஏலக்காத் தோட்டத்து ஜீப் கவுந்ததுல இடுப்பு ஒடஞ்சு, வலி மாத்திரைக்குப் பழகிட்டான். நிறுத்தி மூணு நாளு. இவ வீட்டுக்கு வந்து பாத்தா, வேர்த்து ஊத்துது... பல்லு கடகடங்குது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்டா."

"ஊருக்கே தெரிஞ்சுரும்க்கா... ஒன் காலப் புடிக்கேன், என்னத்தையாச்சும் குடுத்து இத நிறுத்து!"

பாவி மக, குடுத்துட்டா. அவன் துடிக்கிறதப் பாத்துக்கிட்டு எந்த அக்காதான் சும்மா இருப்பா?

கொஞ்ச நேரத்துல அடங்கிட்டான். கை கால் அசையல... கண்ணு மட்டும் தொறந்தே இருந்துச்சு. நாகஜோதி பக்கத்துலயே உக்காந்திருந்தா. டக்... டக்... எங்கயோ கேட்டுக்கிட்டே இருக்கு. காதப் பொத்திக்கிட்டா. "தூங்குறான்... நல்லாத் தூங்குறான்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா.

விடியக்காலம் சத்தம் நின்னுச்சு. தொட்டுப் பாத்தா, ஒடம்பு சில்லுன்னு இருக்கு.

குளிப்பாட்டப் போர்வைய எடுத்தாக. ராத்திரி பூரா கட்டையாக் கெடந்தவன்... உள்ளங்காலு ரெண்டும் கன்னிப்போயி, நீலம்.