மாதிரிக் கூட்டத்தில் நிறைவேறிய பாலம்

சேர்மன்: ...ஆமோதிக்க வேண்டிய இடத்தில "ஆட்சேபிக்கிறன்" எண்டு எழும்பி நிண்டானே கனகலிங்கம்! எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு.

றவூப்: பிறகு திருத்திச் சொன்னவர்தானே ஐயா. விடுங்கோ.

சேர்மன்: என்ர தங்கச்சியின்ர மனுசன் எண்டு சொல்லவே வெக்கமாய்க் கிடக்கு. மற்றும்படி, வவுனியா அரசாங்கக் கச்சேரியில மூண்டு நாள் எங்களுக்கு வகுப்பெடுத்தவர் இண்டைக்கு இஞ்ச இருந்திருக்கோணும். கிராமச்சபைக் கூட்டமெண்டால் இதுதான் எண்டிருப்பார்.

யோகநாதன்: ஐயா, கூட்ட அறிக்கை எழுதிப்போட்டன். கையெழுத்து...

சேர்மன்: பழகிப் பாத்த கூட்டத்துக்கும் அறிக்கையோ கிளாக்கர்?

யோகநாதன்: வகுப்பில அப்பிடித்தானே ஐயா சொன்னவை. அறிவித்தலில துவங்கிக் கையெழுத்து வரைக்கும் ஒண்டும் குறையக் கூடாதாம்.

சேர்மன்: சரி, வாசியும்.

யோகநாதன்: "ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம் அமைத்தல். பிரேரித்தவர், மூன்றாம் வட்டார உறுப்பினர் றவூப். ஆமோதித்தவர், கனகலிங்கம். ஏகமனதாக நிறைவேறியது."

சேர்மன்: ஏன்டாப்பா, பழகிப் பாக்கவும் உனக்குப் பாலம்தானோ?

றவூப்: வேற ஒண்டும் வாயில வரேல்ல ஐயா.

சேர்மன்: நாலு வருசமாய் உதே கதை.

றவூப்: நாலு வருசமாய் நீங்களும் "வாற வருசம் பாப்பம்" எண்டு...

சேர்மன்: நான் என்ன செய்ய? பாலத்துக்குப் போற பாதை கனகலிங்கத்தின்ர வயலுக்கால வருது. அவன் விடான். அவனோட சேர்த்துச் சபையில ஒன்பதில அஞ்சு கை. உனக்குத் தெரியாதே?

றவூப்: தெரியும். போன மாரியில ஆறு பெருகி என்ர மனுசி சரீபா ரெண்டு நாள் வலியோட அந்தக் கரையில கிடந்தது உங்களுக்கும் தெரியும்.

சேர்மன்: ...தெரியும்.

றவூப்: பிள்ளை தங்கேல்ல.

சேர்மன்: தெரியுமடா...

றவூப்: வாற கார்த்திகையில அவளுக்குத் திரும்பப் பேறுநாள். இந்த முறை நான் ஆத்தைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன் ஐயா. என்ன வந்தாலும் நிக்கமாட்டன்.

சேர்மன்: ...பேனையைத் தாரும் கிளாக்கர். இந்தாரும். போட்டாச்சு.

றவூப்: ஐயா... ஒண்டு சொல்லோணும்.

யோகநாதன்: றவூப் நானா, வேண்டாம்...

றவூப்: இல்லைக் கிளாக்கர், ஒளிச்சு வெண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஐயா, வாயால எல்லாருக்கும் மாதிரிக் கூட்டம் எண்டுதான் சொன்னது. ஆனால் ஏழு நாளுக்கு முன்னம் போன அறிவித்தலில "மாதிரி" எண்ட சொல்லே இல்லை. சபைக் கூட்டம் எண்டுதான் கிடக்கு. நடந்தது உண்மைக் கூட்டம். பாலம் நிறைவேறிப் போச்சு.

சேர்மன்: ஓகோ...

றவூப்: கிளாக்கரைக் கோவியாதேங்கோ. என்ர சரீபாவுக்காண்டித்தான் அந்தாள் அந்தச் சொல்லை விட்டது.

யோகநாதன்: நான் விட்டனானோ? நான் "மாதிரிக் கூட்டம்" எண்டு வடிவாய் எழுதித்தானே தந்தனான்! ஐயாவிட்டைக் கையெழுத்துக்கு நீங்கள்தானே கொண்டு போனனீங்கள். திரும்பி வரேக்க அந்தச் சொல் வெட்டிக் கிடந்தது.

றவூப்: என்ன?

யோகநாதன்: நீங்கள் வெட்டினதாக்கும் எண்டு வாயைத் திறக்காமல் அப்பிடியே ஒன்பது பேருக்கும் படியெடுத்து அனுப்பினனான். என்ர உத்தியோகமே போயிருக்கும் நானா!

றவூப்: அல்லாவறிய நான் தொடேல்ல. கடிதவுறை ஒட்டியெல்லோ கிடந்தது... அப்ப ஆர்?

சேர்மன்: உண்மைக் கூட்டமெண்டு சொன்னால் கனகலிங்கம் கை தூக்குவானோ, மோட்டுப் பயலே? கத்தாமல் போ, கார்த்திகைக்கு முன்னம் மரம் இறக்கோணும்.