டீக்கடையை மூட விடாதவர்கள்

ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர் அந்த ஸ்டேஷன் பக்கத்தில் டீக்கடை நடத்துபவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“என் கடைய மூட என்னையே வுட மாட்டேங்கறாங்க” என்றார் அவர்.

“யாருக்கா?” என்றாள் சின்னவள்.

“முட்டி வலி தாங்கல, இந்த மாசத்தோட மூடிடறேன்னு சொன்னேன். பால்காரருக்கு மொகமே செத்துப்போச்சு. உங்கள நம்பித்தானே ரெண்டாவது மாடு வாங்கினேன்றாரு.”

“அய்யோ!”

“எதிர்ல வடை போடறாளே, அவ அழுதுட்டா. டீ இல்லாம என் வடைய எவன் துன்னுவான்றா. அதப் பாத்து எனக்கும் அழுகை வந்துடுச்சு. தெனமும் ட்ரெயினுக்குப் போறவங்க வேற சண்டைக்கு வந்துட்டாங்க.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“என்ன எங்க பேச வுட்டாங்க? அவங்களே பேசி முடிச்சிட்டாங்க. பால்காரரு காலையில வந்து கடையத் தெறப்பாராம், வடைக்காரி டீயும் சேத்துப் போடுவாளாம். நான் கல்லாவுல உக்காந்தா போதுமாம்.”

“அப்போ இப்ப எங்க கெளம்பிட்டீங்க?”

“பெங்களூர்ல பொண்ணு வூட்டுக்கு” என்றவர், சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: “ஒரு வாரம் லீவு குடுத்துக்கீறாங்க.”