கண்மாய்க்கரை மண்டபத்துக்கு வந்த ஆட்சேபணை

மோரில் உப்புச் சற்றுக் கூடியிருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். இதுவரை எனக்கு மோர் கொண்டுவந்தவள் முத்தாள். அவள் இறந்த பிறகு நானே கலக்கிக்கொள்கிறேன்.

அவள் கணவன் வீரய்யாவை விசாரித்துவிட்டு வருகிறீர்கள். தான் ஆப்பைச் சரியாக அடிக்காததால்தான் மண்டபத்து உத்திரம் சரிந்து மனைவியைக் கொன்றது என்று அவன் சொல்லியிருப்பான். அது பிழை. பிழையான செய்தி பதிவாவதை என்னால் பொறுக்க இயலாது. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆகவே முறைப்படி, தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கண்மாய்க்கரையில் உள்ள கல்மண்டபத்தின் அடித்தளத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவள் இவ்வூரில் நான் ஒருத்திதான். மண்டபத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று, சமஸ்தானம் இருந்த நாளிலேயே தர்பாருக்கு விண்ணப்பித்தேன். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. என் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்டதற்கு, திருச்சிக்குப் போய்க் கேளுங்கள் என்றார்கள். திருச்சியில் சென்னையைக் காட்டினார்கள். சென்னையில் டெல்லியைக் காட்டினார்கள். ஒவ்வோர் அலுவலகத்திலும் மண்டபத்தின் வயதைக் கேட்டார்கள். என் வயதை ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கிடையே, ஐம்பத்திரண்டாம் ஆண்டுப் புயலில் குடிசை விழுந்ததும் வீரய்யாவும் முத்தாளும் மண்டபத்தில் குடியேறினார்கள். வீரய்யா எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் அவன் பொறுப்பு. ஆகவே ஊரார் மறுக்கவில்லை. தூண்களுக்கிடையே மண்சுவர் எழுந்தது. அடுப்புப் புகை கல்வெட்டின் மேல் படிந்தது. விரிசல் விட்ட கல் உத்திரத்துக்குப் பனைமரத் துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து, அடியில் ஆப்பு வைத்து இறுக்கியிருந்தான்.

இந்த அறுபத்தொன்றாம் ஆண்டு மாசியில்தான் தொல்பொருள் துறையின் அறிவிப்பு தூணில் ஒட்டப்பட்டது. மண்டபத்தைச் சின்னமாக அறிவிக்கப்போவதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் தெரிவிக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. முத்தாளுக்கு அதை நானே படித்துக் காட்டினேன். ஆட்சேபணை என்றால் என்ன என்றும் விளக்கினேன்.

"அப்ப நாங்க மாட்டோம்னு சொல்லலாமா, டீச்சரம்மா?" என்றாள்.

சொல்லலாம் என்றேன். விதி அப்படித்தான் இருந்தது. மறுநாளே வீரய்யா புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப்போய்ச் சொல்லிவிட்டான்.

பார்வையிட வந்த அதிகாரி ஆத்மநாதன் பண்பானவர். வீரய்யா அவரிடம், "போர்டு வேணும்னா நட்டுக்கங்கய்யா. எனக்கும் துண்டு காயப்போட ஒரு எடம் வேணும்ல" என்றான். அதிகாரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புறப்படும்போது என்னிடம், "குடியிருக்கிறவங்க ஆட்சேபணை இருக்கும்மா. அவங்களா வேற எடம் போனா மறுபடி எழுதுங்க, பார்ப்போம்" என்றார்.

மறுபடி எழுதுவதாம்.

என் தோட்டத்தில் கொட்டகை போட்டுத் தருவதாக அவர்களிடம் சொன்னேன். அங்கிட்டு இருந்தால் மடைச் சத்தம் காதில் விழாது என்று வீரய்யா மறுத்தான். முத்தாளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"கல்லுக்கு வீடு கேட்டு இத்தனை வருசமா அலையிறீங்க. எங்க வீட்டுல அந்தக் கல்லும் இருந்துட்டுப் போகட்டுமே, டீச்சரம்மா" என்றாள்.

மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் கண்மாய் நிறைந்தது. வீரய்யா பகலெல்லாம் மடையிலேயே நின்றான். நான் குடையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஆப்பின் அடியில் மண் இளகியிருந்தது. கைத்தடியின் பூணால் ஆப்பைத் தட்டினேன். உத்திரம் முனகினால் அவர்களாகவே வேறு இடம் போவார்கள் என்று கருதினேன். அதிகாரி கேட்டதும் அதைத்தானே.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது எனக்குப் புரிகிறது. முத்தாள் உள்ளே படுத்திருந்தது எனக்குத் தெரியும். காய்ச்சலில் அவளால் எழ இயலவில்லை; காலையில் கஷாயம் வைத்துக் கொடுத்தவளே நான்தான். தட்டும் ஓசையில் விழித்துக்கொண்டு, "யாரு, டீச்சரம்மாவா? நனையாதீங்க, உள்ள வாங்க" என்றாள். அதன் பின்னரும் தட்டினேன். ஆப்பு உறுதியாக அடிக்கப்பட்டிருந்தது, கழல நேரமாயிற்று. வீரய்யாவின் வேலையில் குறை இல்லை என்பதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் ஆலங்குடிக்கு, மகள் வீட்டுக்குப் போகிறானாம். ஆட்சேபணை சொல்ல இனி ஒருவரும் இல்லை என்பதை ஆத்மநாதனுக்குத் தெரிவித்துவிடுங்கள். உத்திரத்துக்கு வேறு கல் போடலாம். கல்வெட்டில் ஒரு கீறலும் விழவில்லை. அன்றே துடைத்துப் பார்த்துவிட்டேன்.

ஒரு திருத்தம் மட்டும் உண்டு. கல்வெட்டைப் பார்த்துத் துறைக்கு நான் எழுதிக் கொடுத்த படியில், கடைசி வரி சிதைந்துள்ளது என்று குறித்திருந்தேன். அது சிதையவில்லை. மடை காப்பவன் தன் குடும்பத்தோடு குடியிருக்க இம்மண்டபம் கட்டப்பட்டது என்று அவ்வரி கூறுகிறது. முதன்முதலில் படித்த நாளிலிருந்தே அது எனக்குத் தெரியும். மிக அரிய செய்தி. அதற்காகவேனும் அந்தக் கல்லைக் காப்பாற்ற வேண்டாமா? போகும் வழியில் நீங்களும் பார்த்துவிட்டுப் போங்கள். கை மட்டும் வைக்காதீர்கள், எழுத்துத் தேய்ந்துவிடும்.